பார்க்க அனுமதி இருந்தும் மகளைப் பார்க்க முடியவில்லை: என் அனுபவம்

பிரிந்த பின் மகளைச் சந்திக்க நீதிமன்றம் எனக்கு அனுமதி தந்திருந்தது. ஆனால் போகும்போதெல்லாம் காய்ச்சல், விருந்தாளி, பரீட்சை என்று ஏதாவது குறுக்கே வரும்.

‘இது நீதிமன்ற விவகாரம்’ என்று போலீஸார் கைவிரித்துவிட்டார்கள். சரி என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், ‘மறுக்கவே இல்லை, அன்றைக்கு வசதிப்படவில்லை’ என்று பதில். உத்தரவில் ‘இரு தரப்புக்கும் வசதியான நேரத்தில்’ என்றுதான் இருந்தது. அப்படி இருந்தால் மீறல் என்று எதைக் காட்டுவது?

உத்தரவை மீறியதற்காகப் போடும் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு என்ற யோசனையை ஒதுக்கிவிட்டு, உத்தரவைத் திருத்தக் கோரி மனு போட்டோம். அதில் என் உரிமையைவிட மகளின் உரிமையை முன்வைத்தார் வக்கீல். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-வது பிரிவு, நலனுக்குக் கேடில்லாத வரை, பிரிந்திருக்கும் பெற்றோரோடு தொடர்ந்து பழகும் உரிமையைக் குழந்தைக்குத்தான் தருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த சாக்குகளைத் தேதிவாரியாக அச்செடுத்து இணைத்தோம். போனில் பேசியது எதற்கும் உதவவில்லை.

கிழமை, மணி, ஒப்படைக்கும் இடம் எல்லோரும் கேட்பதுதான். பலர் விட்டுவிடுவது இரண்டு வரிகள்: குழந்தையை யார் அழைத்து வருவது, ஒரு சந்திப்பு தவறினால் ஈடாக எந்த நாள். அந்த இரண்டாவது வரி உத்தரவில் ஏறியதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது!