கழுத்து எந்தப் பக்கம் இழுக்கிறது? டிஸ்டோனியா வகையை வீட்டில் கவனிப்பது எப்படி

கழுத்துத் தசைகள் தாமாக இறுகித் தலையை ஒரு பக்கம் இழுக்கும் கழுத்து டிஸ்டோனியா என்று டாக்டர் உறுதி செய்து, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடலாம் என்றும் சொல்லிவிட்டாரா? அடுத்த முறை போவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தலை எந்தத் திசையில் போகிறது, கழுத்தின் எந்த மட்டத்திலிருந்து போகிறது என்று பார்த்து வீடியோ எடுத்து வையுங்கள். எந்தத் தசையில் ஊசி போடுவது என்பதே அதைப் பொறுத்ததுதான், டாக்டர் முன்னால் உட்காரும் பத்து நிமிடத்தில் பலருக்குக் கழுத்து பாதி சேட்டையைத்தான் காட்டும்.

இது சுளுக்கு இல்லை. தசைக்கு மூளை அனுப்பும் கட்டளையில் வரும் கோளாறு. அதனால் யாரிடமும் போய்க் கழுத்தைத் திருகிக்கொள்ள வேண்டாம்.

சரி, வீடியோ. காறை எலும்பும் (கழுத்துக்குக் கீழே முன்பக்கம் தோள்வரை போகும் எலும்பு) தோளும் தெரியும் உடை, முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, சாய்வில்லாத ஸ்டூலில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையை அதன் போக்கில் விடுங்கள். நேராக வைத்துக்கொள்ளத்தான் மனம் வரும், ஆனால் அப்படிப் பிடித்துவைத்தால் எடுத்தும் பயனில்லை. முன், பின், இரு பக்கம் என்று ஒவ்வொரு கோணத்திலும் ஒரு நிமிடம், அப்புறம் நடக்கும்போது கொஞ்சம். செல்ஃபி கேமரா வேண்டாம், சில போன்களில் இடம் வலம் மாறிவிடும்.

இப்போது பாருங்கள். முகவாய் ஒரு தோள் பக்கம் திரும்பினால் டார்ட்டிகாலிஸ், அதிகம் காணப்படுவது இதுதான். காது தோளை நோக்கிச் சாய்ந்தால் லேட்டரோகாலிஸ். முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கினால் ஆன்டிரோகாலிஸ், முகம் வானத்தைப் பார்த்தால் ரெட்ரோகாலிஸ். தனியாக ஒரே வகை என்பது குறைவு, திரும்புவதும் சாய்வதும் கலந்துதான் பெரும்பாலும் வரும்.

திசையை மட்டும் வைத்துத் தசையை ஊகிக்காதீர்கள். கழுத்தின் வலப்பக்கம் விரல்களை வைத்து முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசை கயிறு மாதிரி எழும். முகம் இடப்பக்கம், இழுக்கிற தசை வலப்பக்கம்! அதே வேலைக்குப் பின்கழுத்தில் இடப்பக்க ஸ்ப்ளீனியஸ் தசையும் சேர்ந்துகொள்ளும்.

இதற்குள்ளேயே இன்னொரு பிரிவு உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கழுத்தே திரும்புகிறதா, கழுத்து நேராக இருக்க அதன் மேல் தலை மட்டும் திரும்புகிறதா? முன்பக்க வீடியோவில் குரல்வளை மேட்டைப் பாருங்கள். முகம் திரும்பியும் அது தொண்டைக்குழிக்கு நேர் மேலே நின்றால் தலை மட்டும் திரும்புகிறது, அதற்கு டார்ட்டிகேபட் என்று பெயர். மேடும் சேர்ந்து விலகினால் கழுத்தும் திரும்புகிறது. சாய்வதிலும் இதே கதைதான்: கழுத்து ஒரு பக்கமும் தலை எதிர்ப்பக்கமும் சாய்ந்தால் முகம் நிமிர்ந்தே இருக்கும், தலை மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். பக்கவாட்டுப் படத்தில் கழுத்து முன்னால் நீண்டு முகவாய் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், கழுத்து ஒரு திசையிலும் தலை எதிர்த்திசையிலும் போகும் இதே ஜோடியின் முன்பின் வடிவம் அது. இதை நீங்களே தீர்மானிக்க வேண்டாம், டாக்டருக்குத் தெரிகிற மாதிரி படம் இருந்தால் போதும்.

கன்னத்தையோ முகவாயையோ லேசாகத் தொட்டால் தலை நேராகிறதா? பலருக்கு ஆகும். எங்கே தொடுகிறீர்கள் என்பதையும் எடுத்து வையுங்கள். தலை ஆட்டம் இருந்தால், எந்தப் பக்கம் திருப்பும்போது அது அடங்குகிறது என்பதையும்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளாலும் கழுத்து இழுக்கும், சில சமயம் திடீரென்று. சாப்பிட்ட எல்லா மாத்திரையையும் எழுதிக்கொண்டு போங்கள். தலை முன்னால் விழுவதும் எப்போதும் ஆன்டிரோகாலிஸ் ஆகாது. பின்கழுத்துத் தசை பலவீனத்தாலும் அப்படி ஆகும், அதற்குப் போட்டாக்ஸ் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஊசியின் பலன் ஓரிரு வாரத்தில் தெரிய ஆரம்பித்து சுமார் 3 மாதம் நிற்கும். ஒரு மாதம் கழித்து அதே ஸ்டூல், அதே கோணங்களில் இன்னொரு வீடியோ எடுங்கள், அடுத்த ஊசிக்கு அளவையும் இடத்தையும் மாற்ற டாக்டருக்கு அது உதவும். முன்கழுத்தில் போட்ட பிறகு விழுங்கச் சிரமமாக இருந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள், மூச்சு வாங்கினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.