ஆவாரை விதை முளைக்கவில்லையா? வண்டும் பட்டாம்பூச்சியும் வந்துபோகும் பாத்தி போடும் முறை

“ரோட்டோரம் சும்மா கீற செடிக்குப் போயி கவர்ல மண்ணு ரொப்பினு கீறியேம்மா, இத எவன் காசு குடுத்து வாங்குவான்?”

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். வேலூரிலிருந்து ஆரணி போகிற சாலையில், கணியம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் நர்சரி. தாத்தா காலத்தில் மாங்கன்றும் தென்னங்கன்றும். அப்பா காலத்தில் ரோஜா, மல்லி, கனகாம்பரம். ஆவாரையை எங்கள் வீட்டில் யாரும் விதை போட்டு வளர்த்ததில்லை. பொங்கலுக்கு வேண்டுமென்றால் ஏரிக்கரைக்குப் போய் ஒடித்துக்கொண்டு வருவோம், அவ்வளவுதான்.

என் பையனுக்குப் பள்ளியில் பட்டாம்பூச்சிப் புழு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். அரை ஏக்கர் நர்சரி, எலுமிச்சை மட்டும் இருநூறு கன்று நிற்கிறது. இரண்டு நாள் தேடியும் ஒரு புழு இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக் குப்பைமேட்டு எருக்கஞ்செடியில் நான்கு கிடைத்தது. எனக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பாத்தி. மூன்று வருடத்தில் நான் எங்கெங்கே சறுக்கினேனோ அதையெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தடி நீளம், நான்கடி அகலம் போதும். மொட்டைமாடி என்றால் பெரிய தொட்டி ஆறு. வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் விழ வேண்டும். வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை.

படி 1: செடிகளைத் தேர்ந்தெடுப்பது

பூவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பட்டாம்பூச்சிக்குத் தேன் குடிக்க ஒரு செடி, முட்டையிட வேறு செடி. முட்டையிடும் செடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முட்டையிடுவதற்கு: கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, ஆவாரை. எலுமிச்சையில் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வரும். அதன் குட்டிப் புழு பார்ப்பதற்குக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும். பலர் அதைத் தட்டிவிட்டுக் கை கழுவியிருப்பார்கள், நானும்தான். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கவட்டை ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பையன்கள் இருக்கிற வீட்டில் அதற்குத் தனி மவுசு.

எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். வீட்டில் எருக்கு வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்தால் வெள்ளெருக்கு வையுங்கள், பிள்ளையார் பேரைச் சொன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் அதன் பால் கண்ணில் படக்கூடாது. ஒடித்த கையோடு முகத்தைத் துடைக்காதீர்கள்.

தேனுக்கு: தும்பை, துளசி, நொச்சி, கனகாம்பரம், பழைய ரக இட்லிப்பூ. தும்பையைத் தனியாக வாங்கவே வேண்டாம், மழை பெய்தால் தானாக வரும். களையெடுக்கும்போது விட்டுவைத்தால் போதும். கிலுகிலுப்பை இரண்டு செடி அவசியம் வையுங்கள். வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் அதன் இலையையும் காய்ந்த தண்டையும் சுரண்டிச் சாறு உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை அந்தச் சாற்றிலிருந்துதான் தயாரித்துக்கொள்கின்றன.

உண்ணிச்செடியை நான் சேர்ப்பதில்லை. பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, பழத்தைப் பறவை தின்று போகிற இடமெல்லாம் விதைக்கும். காட்டுக்குள் நுழைந்துவிட்டால் வேறெதையும் வளரவிடாது. எங்கள் நர்சரியில் இதன் கலர் கலரான ரகங்களை விற்றுக்கொண்டிருந்தோம், நிறுத்திவிட்டோம்.

படி 2: ஆவாரை விதை (இங்கேதான் நான் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டேன்)

முதலில் ஆவாரை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும். அதுவும் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பை மூடியிருக்கும், நுனியில் உப்பு டப்பாவில் இருப்பது போலச் சின்ன ஓட்டை. கருவண்டு (மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற பெரிய கறுப்புத் தேனீ) வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். ‘ஙொய்ய்’ என்று சத்தம் சட்டென்று மாறுவதைக் கேட்கலாம். அந்த அதிர்வில் தூள் கொட்டும். உடம்பில் நீலப்பட்டை போட்ட ஒரு சின்னத் தேனீயும் இதைச் செய்யும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது.

கத்திரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே அமைப்புதான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மண்ணையும் விதையையும் புகழ்ந்தோம், வண்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கத்திரி தானாகவும் காய்க்கும், ஆனால் வண்டு வந்து உலுக்கிப் போன பூவில் காய் நன்றாகப் பிடிக்கிறது. கத்திரி பூக்காத மாதங்களிலும் வண்டுக்கு ஏதாவது வேண்டுமே. ஆவாரை ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூக்கும், வேறெதுவும் பூக்காத கோடையில்கூட. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது மனிதருக்குச் சொன்னது, வண்டுக்கும் பொருந்தும்.

சரி, விதை. பழுப்பாகிக் காகிதம் போலச் சலசலக்கிற காயாகப் பார்த்துப் பறியுங்கள். உரித்ததும் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் ஓட்டை விழுந்ததையும் தூக்கிப் போடுங்கள், அதெல்லாம் விதையைத் துளைக்கிற வேறு வண்டு தின்றது.

முதல் வருடம் முந்நூறு விதையை அப்படியே கவரில் ஊன்றினேன். முளைத்தது ஒன்பது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த வருடம் ‘வெந்நீரில் ஊறவை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொதிக்கிற பாத்திரத்திலேயே விதையைப் போட்டு மூடிவைத்தேன். சுண்டல்தான் வந்தது.

ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரு கீறல் விழுந்தால்தான் ஊறும். காட்டில் வெயிலும் மண்ணும் மழையும் மாதக்கணக்கில் அதைச் செய்கின்றன, நாம் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டும்.

இருபது முப்பது விதைதான் என்றால் நகவெட்டி. காம்போடு ஒட்டியிருந்த முனையை விட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் கடுகளவு தோலை மட்டும் கிள்ளுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்தால் போதும். முளைக்குருத்து காம்பு முனைப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே வெட்டினால் விதை அழுகிவிடும், நான் அழுகவைத்தது எண்பதுக்கு மேல்.

நூற்றுக்கணக்கில் என்றால் உப்புத்தாள். சொரசொரப்பானதை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுற்றி ஒட்டி, ஒரு கைப்பிடி விதையைப் போட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். விதையின் பளபளப்பு போய் மங்கலானதும் நிறுத்துங்கள். மிக்ஸியில் ஒரு சுற்று விடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம், பாதி உடைந்துவிடும், வீட்டில் பேச்சும் வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு ராத்திரி சாதாரணத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் பாருங்கள். பருத்திருந்தால் அது உயிர்விதை, அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். பருக்காமல் அப்படியே கிடப்பதை மறுபடி கீறி மறுபடி ஊறவையுங்கள். பருத்ததை மட்டும் ஊன்ற ஆரம்பித்த பிறகு எனக்குப் பத்துக்கு எட்டு முளைக்கிறது, அதுவும் ஒரு வாரத்துக்குள். கிலுகிலுப்பைக்கும் சரக்கொன்றைக்கும் இதே வைத்தியம்தான்.

படி 3: மண்ணும் கவரும்

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) எனக்குப் பிடிக்காது. ரோஜாவுக்குச் சரி, ஆவாரைக்கு அது ஈரத்தைப் பிடித்துவைத்து நாற்றுக் கழுத்தை அழுகவைக்கும்.

கவர் நீளமாக இருக்கட்டும். ஆவாரை மேலே நான்கு இலை விடுவதற்குள் ஆணிவேரைக் கீழே விரட்டிவிடும். ஒரு முறை கவர்களைத் தரையில் அடுக்கிவிட்டு ஒரு மாதம் மறந்துவிட்டேன். வேர் கவரின் ஓட்டை வழியாக இறங்கித் தரையைப் பிடித்துக்கொண்டது. தூக்கியதும் ‘டக்’கென்று அறுந்தது. இரண்டு நாளில் நாற்பது செடி போச்சு. இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு கவரையும் அசைத்து இடம் மாற்றிவைக்கிறேன்.

படி 4: நடவு

ஆடியில் விதை போட்டு, ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ நட்டால் வடகிழக்கு மழை அதைப் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் நட ஆசைப்படாதீர்கள். கவரைக் கிழித்து எடுங்கள், உருவாதீர்கள். ஒரே வகையை மூன்று நான்காகக் கூட்டி நடுங்கள், தூரத்திலிருந்து பூச்சி கண்டுபிடிக்க வசதி. எருக்கை ஓரத்தில் வையுங்கள். ஆவாரை எங்களிடம் பதினொரு மாதத்தில் பூத்தது.

படி 5: மருந்து

இதை நர்சரிக்காரியே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையே இல்லாத, மினுமினுக்கிற இலையோடு நிற்கிற கன்றை நம்பாதீர்கள். எங்கள் எலுமிச்சையில் புழு இல்லாததற்குக் காரணம் பதினைந்து நாளைக்கு ஒரு தெளிப்பு. போதாக்குறைக்கு, மொத்தமாக வாங்கிவந்த கன்றுகளுக்கு அங்கேயே வேரில் மருந்து வைத்திருந்தார்கள். இமிடாகுளோபிரிட் மாதிரியானவை செடிக்குள் ஏறி இலை, தேன், மகரந்தம் எல்லாவற்றிலும் போய்ச் சேரும். கழுவினாலும் போகாது. முதல் வருடம் பட்டாம்பூச்சி வந்து முட்டை வைத்தது, புழு பொரித்தது, மூன்றாம் நாள் கறுத்துச் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டு விருந்து வைத்துக் கொன்ற மாதிரி ஆகிவிட்டது.

வாங்கும்போதே “வேரில் குருணை மருந்து போட்டீங்களா, என்ன மருந்து அடிச்சீங்க” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விதையிலிருந்து வளர்த்துக்கொள்வது மேல். எங்களிடம் இப்போது ஒரு மூலையில் மருந்தே படாத கன்றுகள் தனியாக நிற்கின்றன. இலை கடிபட்டிருக்கும். “ஓட்டையா இருக்கே, விலையைக் குறைச்சிக்குங்க” என்கிறார்கள். குறைப்பதில்லை.

படி 6: தண்ணீரும் வெற்றுமண்ணும்

அகலமான மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முழுகாமல் தண்ணீர். தினமும் கொட்டி மாற்றுங்கள், இல்லையென்றால் வளர்வது கொசு. ஒரு மூலையில் இரண்டடி மண்ணை மூடாமல், கொத்தாமல் விடுங்கள். நீலப்பட்டைத் தேனீ மண்ணில்தான் வளை தோண்டும். கருவண்டுக்குப் பழைய பந்தல் மூங்கிலோ காய்ந்த கட்டையோ போதும். சுத்தம் சுத்தம் என்று பெருக்கித் தள்ளுகிறவர்களுக்கு இந்தப் பாத்தி சரிவராது.

பின்சேர்க்கை 1: “எருக்கில் மஞ்சளாகப் பேன் அப்பிக்கொண்டது, வேப்பெண்ணெய் அடிக்கலாமா, இயற்கைதானே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. வேப்பெண்ணெய் வெந்தய வரியன் புழுவையும் வளரவிடாது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், அதற்குள் பொறிவண்டு வந்துவிடும். அடிப்பதற்கு முன் இலைக்கு அடியில் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: மாடித்தொட்டியில் ஆவாரை இலை மஞ்சளாகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேருமே தினமும் தண்ணீர் விடுகிறவர்கள். மேல்மண் இரண்டு விரல் ஆழம் காயட்டும், அப்புறம் விடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்த விஷயம் என்று தாண்டிப் போய்விட்டேன்.

பின்சேர்க்கை 3: காட்பாடியிலிருந்து ஒருவர், “புழு கறிவேப்பிலையை மொட்டையடித்துவிட்டது, வீட்டில் சண்டை” என்கிறார். குழம்புக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு செடி வையுங்கள். இடம் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் வில்வமோ நாரத்தையோ இருந்தால் மாற்றலாம். புழுவைக் கையால் பிடிக்காமல், அது உட்கார்ந்திருக்கிற இலையோடு கிள்ளி அந்தச் செடியில் செருகிவிடுங்கள். குருவி எச்சம் மாதிரி இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். பச்சையான பிறகு மாற்றினால் சிலது புது இலையைத் தொடாமலே பட்டினி கிடக்கும்.