மைக் பிடிக்கும்போது கை நடுங்குதா? நடுங்குனா நடுங்கட்டும், நீங்க பேசுங்க

காலேஜ் செமினார்ல உங்க டர்ன் வர்றதுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்கும்போதே வயித்த பிசைய ஆரம்பிச்சிடும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், உள்ளங்கை வேர்த்து கைல இருக்கிற பேப்பர் நனைஞ்சு போயிடும். இதுக்கும் உங்க திறமைக்கும் சம்பந்தமே இல்லைங்க. ஆபத்துன்னு மூளை முடிவு பண்ணிட்டா அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், எச்சில் குறையும், அதான் வாய் காயுது. தெருநாய் துரத்துனா ஓடுறதுக்கு உடம்பு என்ன ஏற்பாடு பண்ணுமோ அதையேதான் அறுபது பேர் நம்மளயே பாக்கும்போதும் பண்ணுது. அதனால "பயம் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்"னு காத்திருந்தா அந்த நாள் வராது, பேசப் பேசத்தான் அது குறையும்.

நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது இதுதான். பயத்த விட பயத்த மறைக்க நாம பண்ற வேலைதான் நம்மள அதிகமா கெடுக்குது. தலைய குனிஞ்சு பேப்பர அப்படியே வாசிக்கிறது, சீக்கிரம் முடிச்சிட்டு உக்காரணும்னு மூச்சு விடாம ஓட்டுறது, யார் கண்ணையும் பாக்காம பின்சுவத்த பாக்குறது, ஒவ்வொரு வார்த்தையும் சரியா வருதான்னு உள்ளுக்குள்ளயே செக் பண்ணிட்டு இருக்குறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு உளவியல் நிபுணர்கள் 1995லயே இதப்பத்தி தெளிவா எழுதிட்டாங்க. இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசி தப்பிச்சிட்டா, "நல்லவேளை பேப்பர பாத்து வாசிச்சதால பொழச்சேன்"னுதான் மனசு கணக்கு போடும், வாசிக்காம இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு அதுக்கு தெரியவே தெரியாது. அடுத்த தடவையும் அதே பயம் அப்படியே இருக்கும். எல்லாத்தையும் ஒரே நாள்ல விட வேண்டாம், ஒரு தடவைக்கு ஒண்ணு விடுங்க. முதல்ல வேகத்த விடுங்க, அதுதான் இருக்கிறதுலயே ஈஸி, ஒவ்வொரு வரி முடிஞ்சதும் வாய மூடி மூக்கு வழியா ஒரு மூச்சு இழுத்துட்டு அடுத்த வரிக்கு போங்க.

எல்லாரும் நம்ம நடுக்கத்தத்தான் பாக்குறாங்கன்னு தோணும் இல்லையா, அது பெரும்பாலும் உண்மை இல்ல. அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு சோதனை பண்ணி 2000ல வெளியிட்டாங்க, ஒரு ஸ்டூடன்ட்ட கூச்சமா இருக்கிற மாதிரி பெருசா ஒரு பாடகர் படம் போட்ட டீசர்ட்ட போட வச்சு மத்தவங்க இருக்கிற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. பாதி பேராவது கவனிச்சிருப்பாங்கன்னு போட்டவர் நினைச்சார், உண்மையில கவனிச்சது கிட்டத்தட்ட கால்வாசி பேர்தான். உங்க செமினார்லயும் பாதி பேர் அடுத்து தன் பேர கூப்பிடுவாங்களோன்னு தன்னோட பயத்துலதான் உக்காந்திருப்பாங்க.

இப்ப தயாரிப்பு. முழுசா மனப்பாடம் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. நடுவுல ஒரு வார்த்தை நழுவினா பின்னாடி இருக்கிறது மொத்தமும் போயிடும். முதல் ரெண்டு நிமிஷத்த மட்டும் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்ற அளவுக்கு வச்சிக்கோங்க, ஏன்னா பெரும்பாலானவங்களுக்கு படபடப்பு உச்சத்துல இருக்கிறது ஆரம்பத்துலதான், பேச ஆரம்பிச்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். மீதிக்கு நாலஞ்சு தலைப்பு போதும். அத சாதா பேப்பர்ல எழுதாதீங்க, கை நடுங்கும்போது மெல்லிசு பேப்பர் இன்னும் படபடன்னு ஆடும், உங்க பயத்தையும் ஏத்தி விடும், கல்யாண பத்திரிகை மாதிரி கெட்டியான அட்டைய வெட்டி எழுதுங்க. நம்ம ஊர் விழாவுல இன்னொரு கண்டம் இருக்கு, மேடையில இருக்கிறவங்க பேரையும் பதவியையும் வரிசையா சொல்லி வணக்கம் வைக்கணும். நிறைய பேர் தடுமாறுறதே அங்கதான். பேர் வரிசைய முன்னாடியே விழா நடத்துறவங்ககிட்ட கேட்டு வாங்கி அட்டைல பெருசா எழுதிடுங்க, இத மட்டும் பாத்து படிக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

வீட்டுல மனசுக்குள்ள படிச்சு பாக்குறது பிராக்டிஸே இல்ல. நின்னுக்கிட்டு, வாய்விட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. முதல்ல நம்ம குரல் நமக்கே புடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான், ரெண்டாவது தடவை கேக்கும்போது வேகம் மட்டும் கண்ணுக்கு தெரியும், அத திருத்துங்க.

அன்னைக்கு காபிய குறைங்க, ஏற்கனவே அடிக்கிற நெஞ்ச இன்னும் அடிக்க வைக்கும். நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி மெதுவா விடுங்க, ஒரு அஞ்சு தடவை. "பதட்டப்படாத, பதட்டப்படாத"ன்னு உங்கள நீங்களே அதட்டாதீங்க. ஹார்வர்டுல ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆய்வுல, பேசுறதுக்கு முன்னாடி "நான் அமைதியா இருக்கேன்"னு சொன்னவங்கள விட "நான் ஆர்வமா இருக்கேன்"னு சொன்னவங்கதான் நல்லா பேசினாங்க. நடுவுல மறந்துட்டா ஒரு மடக்கு தண்ணி குடிங்க, கடைசியா சொன்ன வரிய வேற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க, அதுக்குள்ள அடுத்தது வந்துடும். அந்த மூணு செகண்ட் உங்களுக்குத்தான் மூணு நிமிஷமா தெரியும்.

மேடை மட்டும் இல்ல, ஆளுங்கன்னாலே கூச்சம்னா இன்னும் கீழ இருந்து ஆரம்பிங்க. பஸ்ல "அண்ணே, கிண்டி வந்தா சொல்லுங்க"ன்னு கண்டக்டர்கிட்ட கேளுங்க, கடையில விலை கேட்டுட்டு வாங்காம வாங்க, கிளாஸ்ல ஒரே ஒரு டவுட் கேளுங்க. ஒண்ணு பழகினதும் அடுத்தது. டோஸ்ட்மாஸ்டர்ஸ்னு 1924ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச பேச்சு கிளப்புகள் சென்னை, கோயம்புத்தூர்லயும் இருக்கு, விருந்தாளியா போய் சும்மா உக்காந்து பாக்கலாம், அங்க திடீர்னு ஒரு தலைப்பு குடுத்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் பேச விடுவாங்க, தப்பா பேசினாலும் கைதட்டுவாங்க.

ஃப்ரெண்ட் குடுத்தான்னு, படபடப்ப குறைக்கிற பிராப்ரனலால் மாத்திரைய போட்டுக்காதீங்க, ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து, டாக்டர் சொல்லாம தொடவே கூடாது. ஆறு மாசத்துக்கு மேல இந்த பயத்தாலயே காலேஜ் போகாம, இன்டர்வியூ போகாம, விசேஷத்துக்கு போகாம இருக்கீங்கன்னா அது வெறும் கூச்சம் இல்ல, அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. மனநல டாக்டரையோ சைக்காலஜிஸ்டையோ பாருங்க, சிபிடின்னு ஒரு பேச்சு சிகிச்சை இதுக்கு நல்லாவே வேலை செய்யும். உடனே யார்கிட்டயாவது பேசணும்னா மத்திய அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 2022ல இருந்து இருக்கு, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். போன்ல பேசவே பயம்னா நீங்க எத எத தவிர்க்கிறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சு அப்படியே வாசிங்க, "எனக்கு போன்ல பேசவே பயமா இருக்கு"ங்கிறதையே முதல் வரியா எழுதிக்கோங்க.