பெல்லில் உள்ள எழுத்தைத் தொட விடாதீர்கள்: வடசென்னையில் பித்தளை வாத்தியம் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர்களுக்கு

டிக்கெட் போடுவதற்கு முன் மாதத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பாதிப் பேர் ஊருக்குப் போவது டிசம்பர் கடைசியில்தான். வீட்டில் இருக்கும் தாத்தாவின் கார்னெட்டோ (ட்ரம்பெட் போன்ற சின்ன ஊதுவாத்தியம்) யூஃபோனியமோ (மடியில் வைத்து ஊதும் பெரியது) பழுதுபார்க்க அதைவிட மோசமான நேரம் இல்லை. பெரம்பூர், ராயபுரம், வேப்பேரிப் பக்கத்து சர்ச் பேண்டுகளுக்கெல்லாம் அப்போது கிறிஸ்துமஸ் வேலை. அது முடிந்த கையோடு தை முகூர்த்தம் வந்துவிடும். நல்ல கைக்காரர் உங்கள் வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொள்வார், தொடமாட்டார். கல்யாணம் இல்லாத ஆடியிலும் புரட்டாசியிலும் போனால் உட்கார்ந்து வேலை செய்வார். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பத்து நாளாவது அவர் கையில் இருக்கட்டும்.

ஆளைப் போர்டு பார்த்துத் தேடாதீர்கள். வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள், அதிலும் யூஃபோனியம் வாசிக்கிறவரிடம். பெரிய குழாய்க்குத்தான் ஒடுக்கு அதிகம் விழும் என்பதால் பட்டறைக்கு அதிகம் போகிறவர் அவர்தான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலத்தில் பேண்டு வருகிறது என்றால், எல்லாம் முடிந்து அவர்கள் டீக்கடையில் உட்காரும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். "மாஸ்டர், உங்க வால்வு வேலைய யார்கிட்ட குடுப்பீங்க?" என்றால் மறைக்காமல் சொல்வார்கள். மூன்று பேரிடம் கேட்டு, இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அங்கே போங்கள்.

போனதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல கைக்காரர் முதலில் ஊதிப் பார்ப்பார், அல்லது ஊதச் சொல்வார். பிறகு வால்வை, அதாவது விரலால் அழுத்தும் கட்டையை, அழுத்தாமலே அதன் ஸ்லைடை, அதாவது கழற்றக்கூடிய வளைகுழாயை, உருவுவார். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியாமல் நிற்கிறது என்று அர்த்தம். வால்வுக் கூட்டுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்களைக் கழற்றி 1, 2, 3 என்று வரிசையாகத் துணிமேல் வைப்பார். மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலக்குகிறவரிடம் எதுவும் கொடுக்காதீர்கள். சுவரில் ஒடுக்கு எடுக்கும் இரும்பு உருண்டைகள் பல அளவில் தொங்க வேண்டும், பெல்லுக்குள், அதாவது வாத்தியத்தின் விரிந்த வாய்க்குள், விடும் நீள உருளைக் கம்பியும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் சுத்தியும் கேஸ் டார்ச்சும் மட்டும் இருந்தால் அது கார் டிங்கரிங் வேலை. பெல்லின் தகடு அரை மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும். டார்ச் காட்டினால் பித்தளை இளகிப்போகும், பிறகு விரல் பட்டாலே நெளியும். குழாய் இணைப்பு விட்டிருந்தால் ஈயப் பற்று போதும், அது 200 டிகிரிக்குள் உருகிவிடும். பொடி வைத்து டார்ச்சால் ஊதி ஒட்டும் வேலை அங்கே வேண்டாம்.

பிஸ்டன் இறுகியிருந்தால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான் காரணம். யாரோ நல்லெண்ணத்தில் ஊற்றியிருப்பார்கள், அது பிசினாக உறைந்திருக்கும். வெந்நீரும் சோப்புமே அதைக் கரைக்கும். பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.03 மி.மீ. சுமார். ஜீரோ பேப்பர் (நைசான உப்புத்தாள்) போட்டாலோ, எஞ்சின் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட் தடவினாலோ அந்த இடைவெளி இரட்டிப்பாகிக் காற்று ஒழுகும். சிக்கிய மவுத்பீஸை இடுக்கியால் திருகவும் விடாதீர்கள், ஊதுகுழாய் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று இழுப்பான் இருக்கிறது.

இவ்வளவும் சரியாக நடந்த பிறகு வீட்டில் ஒருவர் கேட்பார்: "பாலிஷ் போடலியா?"

இங்கேதான் வாத்தியங்கள் சாகின்றன. பெரியப்பாவோ அத்தையோ, பாசத்தில்தான் சொல்வார்கள்: "தாத்தாவோடது. நாலு பேர் பாக்கறப்ப குத்துவிளக்கு மாதிரி இருக்க வேணாமா?" நீங்கள் மகாபலிபுரம் போய்த் திரும்புவதற்குள் அது தெருக்கோடிப் பாத்திரப் பாலிஷ் பட்டறைக்குப் போய்விடும். பப்பிங் சக்கரத்துக்குக் குத்துவிளக்கும் கார்னெட்டும் ஒன்றுதான். வெள்ளி முலாம் தலைமுடியின் தடிமன்கூட இல்லாதது, முதல் சுற்றிலேயே போய்விடும். அடுத்த சுற்றில் பெல்லில் பொறித்த பூவேலை, கம்பெனிப் பெயர், நம்பர் எல்லாம் மழுங்கும். மழுங்கியதைத் திரும்பப் பொறித்தாலும் அது வேறு வாத்தியம்தான். வீட்டிலேயே புளி போட்டுத் தேய்ப்பதும் நல்லதில்லை. புளிப்பு மூலைகளிலும் இணைப்புகளிலும் தங்கி அரிக்கும்.

அவர்களோடு சண்டை போட நமக்கு உரிமை இல்லை என்று தோன்றும். நாம் விமானம் ஏறிப் போன பிறகு இத்தனை வருஷம் அதைப் பரண்மேல் துணி சுற்றிக் காத்தவர்கள் அவர்கள்தான். அதனால் சண்டை வேண்டாம். வாத்தியத்தைப் பழுதுபார்க்கும் மாஸ்டரிடம் கொடுக்கும்போதே "பாலிஷ் கூடாது, என்னைத் தவிர யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அதற்கு முன் பெல்லின் எழுத்தையும் இரண்டாவது வால்வுக் கூட்டின் நம்பரையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

அந்த எழுத்து பாசத்துக்காக மட்டும் அல்ல. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள, 100 வருஷமோ அதற்கு மேலோ ஆன பொருளைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. விமான நிலையத்தில் சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் கேட்பார்கள். அங்கே நின்றுகொண்டு வயதை எப்படி நிரூபிப்பது? பெல்லைக் காட்டித்தான். வாத்தியம் செய்த பிரிட்டிஷ் கம்பெனிகளான பூசியும் ஹாக்ஸும் 1930-இல் ஒன்றாயின. 'பூசி அண்ட் ஹாக்ஸ்' என்று சேர்த்துப் பொறித்திருந்தால் வாத்தியம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 'பூசி' மட்டும் இருந்தால் 100 வருஷத்தைத் தாண்டியிருக்கலாம், சான்றிதழ் வேலையை இறங்கிய அன்றே தொடங்குங்கள். பாலிஷ் போட்டு வழவழவென்று நிற்கும் பெல்லில் படிக்க ஒன்றும் இருக்காது. கியூவில் பின்னால் நிற்கிறவர்கள் உங்களைப் பார்ப்பார்கள், அதிகாரி கார்னெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், உங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வரும்.

உதிரிப் பாகம்: பிஸ்டனுக்கு வேண்டிய ஃபெல்ட், கார்க், மூன்று ஸ்பிரிங் ஆகியவற்றை உங்கள் மாடலுக்கே வாங்கிக்கொண்டு போங்கள். சென்னையில் கிடைப்பதில் பெரும்பகுதி, பேண்டு வாத்தியம் செய்யும் மீரட்டிலிருந்து வருவது. மீரட் வாத்தியத்துக்கு அது பொருந்தும். பழைய பிரிட்டிஷ் வால்வில் ஃபெல்ட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பிஸ்டனின் ஓட்டையும் குழாயின் வாயும் நேர்ப்படாது, சுரம் அடைத்துக் கேட்கும்.

சுருதி கூடி நிற்கிறது என்று மாஸ்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். பிரிட்டிஷ் பேண்டுகள் 1960-கள் வரை சுருதியை 452 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து வாசித்தன, இன்றைய அளவு 440. கார்னெட்டில் ட்யூனிங் ஸ்லைடை இரண்டு செ.மீ. போல வெளியே இழுத்தால் சரியாகும். போதாவிட்டால் நீளமான ஸ்லைடு ஒன்று தனியாகச் செய்யச் சொல்லுங்கள், பழையதை வெட்ட விடாதீர்கள். வெட்டாமல் பையில் போட்டு உங்களிடமே தரட்டும்.

வாத்தியத்தை வீட்டிலேயே விட்டு வருவதாக இருந்தால், காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது, பச்சை பூக்கும். மறுபடி பரணில் ஏற்ற வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பிஸ்டனிலும் இரண்டு சொட்டு வால்வு எண்ணெய், நாலு தடவை அழுத்தி, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. புளி வேண்டாம், அத்தை.