பழைய பைதானை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டுப் புதுசு போடுவது

என் சித்தி மகன் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்து, பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தான். எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினான், அதில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இருந்தது, கூடவே வந்த பைதான் மொழியின் வெர்ஷன் 3.8. வகுப்பில் மேட்ச்-கேஸ் (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் கட்டளை) எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அது 3.10-இல்தான் வந்தது, அதனால் இவன் மெஷினில் சிண்டாக்ஸ் எரர். எங்கேயோ எதையோ படித்துவிட்டு 3.10-ஐ இறக்கியவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். டெர்மினலில் (கட்டளைகள் அடிக்கும் ஜன்னல்) பைதான்3 என்று அடித்தாலே புதுசுதான் ஓட வேண்டும் என்று அந்தப் பெயரையும் அதன் பக்கம் திருப்பிவிட்டான். மறுநாள் காலை நான் இந்திராநகரில் மெட்ரோ ஏறும்போது போன் வருகிறது: "அண்ணா, டெர்மினலே திறக்க மாட்டேங்குது. கிளிக் பண்ணா சும்மா சுத்திட்டு நின்னுடுது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் இதே கூத்தை நானும் ஒருமுறை அடித்து, விவரம் தெரியாமல் உபுண்டுவையே திரும்பப் போட்டவன்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? உபுண்டுவில் இருக்கும் பைதான் நமக்காக வைத்தது இல்லை, சிஸ்டம் தன் சொந்த வேலைக்காக வைத்துக்கொண்டிருப்பது. அந்த 20.04-இல் டெர்மினலைத் திறக்கும் கட்டளையே ஒரு பைதான் ஸ்கிரிப்ட்தான். மென்பொருள்கள் கிடைக்கும் புது ரெப்பாசிட்டரியைச் சேர்க்கிற ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரியும் அப்படியே. இவை சி, சி++ மொழிகளில் எழுதி கம்பைல் செய்த மாட்யூல்களை (துணை ஃபைல்கள்) நம்பி ஓடுகின்றன, அந்த ஃபைல்களின் பெயரிலேயே 38 என்று வெர்ஷன் நம்பர் இருக்கும். பைதான்3 என்ற பெயரை 3.10-க்குத் திருப்பினால் அது 310 என்று போட்ட ஃபைலைத் தேடும், கிடைக்காது, ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை என்று ஒரு எரர் வரும். டெர்மினல் விஷயத்தில் அந்த எரரைக் காட்டுவதற்கே ஜன்னல் திறக்காது. இதைவிட மோசம், பழையது எதற்கு என்று பைதான்3-ஐ ஆப்ட் ரிமூவ் (மென்பொருளை நீக்கும் கட்டளை) கொடுப்பது. அதை நம்பியிருக்கிற எல்லாமும் சேர்ந்து கிளம்பும், டெஸ்க்டாப் உட்பட. அது காட்டுகிற நீளமான பட்டியலைப் படிக்காமல் ஒய் அடித்தால் கதை முடிந்தது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் (சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனும் வேண்டும்). கறுப்புத் திரை வரும், யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, பயப்படாதீர்கள், ஏறிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே போனதும், பைதான்3 என்ற பெயரைப் பழையதன் பக்கமே திருப்ப நான் அவனுக்குப் போனில் சொன்னதுதான் (ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில்; முதலில் வரும் சூடோ அட்மின் உரிமையோடு ஓட்டுவதற்கு): சூடோ, ஸ்பேஸ், எல் என், ஸ்பேஸ், மைனஸ் எஸ் எஃப், ஸ்பேஸ், பைதான்3.8, ஸ்பேஸ், ஸ்லாஷ் யுஎஸ்ஆர் ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பைதான்3. அவன் ஸ்லாஷை இரண்டு முறை மாற்றிப் போட்டான். எம்.ஜி. ரோடு தாண்டினால் வண்டி சுரங்கத்துக்குள் இறங்கிவிடும் என்று எனக்கு அவசரம், நல்லவேளையாக டிரினிட்டி வரும்போதே "வந்துடுச்சுண்ணா" என்றான். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பிவிடலாம். உங்கள் உபுண்டு 22.04 என்றால் 3.8-க்குப் பதில் 3.10, 24.04 என்றால் 3.12 என்று போடுங்கள்.

இப்போது ஒழுங்கான வழி. உங்களிடம் 22.04 இருக்கிறது, 3.13 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டெட்ஸ்நேக்ஸ் என்று ஒரு பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே சிலர் தனியாக நடத்தும் ரெப்பாசிட்டரி) இருக்கிறது, செத்த பாம்புகள் என்று அர்த்தம், பெயரைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) வெளியீடுகளுக்கு வேறு வேறு பைதான் வெர்ஷன்களைத் தனியாகக் கட்டித் தருகிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள், படிக்கிற மெஷினுக்கு அது போதும், கம்பெனி சர்வருக்கு யோசியுங்கள். முதலில் "சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி பிபிஏ:டெட்ஸ்நேக்ஸ்/பிபிஏ". அப்புறம் "சூடோ ஆப்ட் அப்டேட்". அப்புறம் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதான்3.13 பைதான்3.13-வென்வ்". கடைசியில் இருக்கும் வென்வ் (புராஜெக்ட்டுக்கென்று தனிப் பைதான் சூழல் அமைக்கும் கருவி) முக்கியம், அதை விட்டுவிட்டால் இரண்டு நிமிஷம் கழித்து, அந்தச் சூழலில் பிப்பை வைக்கிற என்ஷ்யூர்பிப் இல்லை என்று வந்து நிற்கும்.

முடிந்ததும் "பைதான்3.13 --வெர்ஷன்" அடித்துப் பாருங்கள், புதுசு பதில் சொல்லும். வெறும் "பைதான்3 --வெர்ஷன்" அடித்தால் இன்னமும் 3.10 என்றே வரும். அப்கிரேட் ஆகவில்லையே என்று எல்லோரும் பதறுவது இந்த இடத்தில்தான். அது அப்படித்தான் வர வேண்டும். இரண்டும் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று தொடாது. வாடகை வீட்டில் ஓனர் போட்ட மெயின் பைப்பை உடைக்காமல் நமக்கென்று ஒரு குழாய் இழுத்துக்கொள்கிற மாதிரி.

இனி வெறும் பைதான் என்று அடித்தால் புதுசு ஓட வேண்டும் என்றால் அதற்கு வென்வ். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "பைதான்3.13 -எம் வென்வ் .வென்வ்" என்று அடியுங்கள், பிறகு "சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்". பிராம்ப்ட்டின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் வந்தால் உள்ளே இருக்கிறீர்கள். அங்கே பைதான் என்றாலும் பைதான்3 என்றாலும் 3.13தான், பிப் (லைப்ரரிகளை இறக்கும் கருவி) போடுவதும் அந்த ஃபோல்டருக்குள்தான் போகும், முன்னால் சூடோ தேவையே இல்லை, போடவும் கூடாது. உபுண்டு 24.04-இல் வென்வ் இல்லாமல் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுத்துவிடும். அதற்கு பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. சிஸ்டத்தை உடை என்று பெயரிலேயே இருக்கிறது, அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

விஎஸ் கோட் (கோட் எழுதும் எடிட்டர்) வைத்திருப்பவர்கள், இவ்வளவு செய்தும் கீழே 3.10 என்றே காட்டுகிறது என்பார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, செலக்ட் இன்டர்பிரெட்டர் என்று தேடி, .வென்வ் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

எந்த வெர்ஷன் போடுவது? பைதான் வருஷத்துக்கு ஒன்று, அக்டோபரில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 வருஷம் ஆதரவு. 3.8-க்கு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. புதுசு வந்த வாரமே தாவாதீர்கள், பெரிய லைப்ரரிகள் அதற்கு ஏற்றபடி வர சில மாதம் பிடிக்கும். நான் எப்போதும் ஒரு வெர்ஷன் பின்னால்தான் ஓடுவேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: கூடவே வந்துகொண்டிருந்த 2.7-ஐ 2022-இல் மேக்ஓஎஸ் 12.3-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது பைதான்3 என்று அடித்தால் கமாண்ட் லைன் டூல்ஸ் போடவா என்று கேட்கும், அதில் வருவது 3.9. அதை விட்டுவிட்டு பைதானின் சொந்தத் தளத்து இன்ஸ்டாலரையோ, மேக்கில் மென்பொருள் போட உதவும் ஹோம்ப்ரூவையோ பயன்படுத்துங்கள். இன்ஸ்டாலர் வழி என்றால் அப்ளிகேஷன்ஸில் உள்ள பைதான் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால் சர்டிஃபிகேட்ஸ் என்பதையும் ஒரு கிளிக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் இணையத்திலிருந்து எதை எடுத்தாலும் எஸ்எஸ்எல் எரர் வந்து உயிரை எடுக்கும். விண்டோஸில் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே முன்கூட்டியே பைதான் கிடையாது.

கடைசியாக ஒன்று, ஏற்கெனவே 3.10-இல் உருவாக்கிய வென்வ் தானாக 3.13 ஆகாது. பழைய வென்வுக்குள் போய் "பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி" அடித்துப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, டீஆக்டிவேட் கொடுத்து வெளியே வந்து, .வென்வ் ஃபோல்டரை அழித்துவிட்டு, 3.13-இல் புதிதாக உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, "பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி". ஏதாவது ஒரு பேக்கேஜ், டிஸ்ட்யூட்டில்ஸ் (பேக்கேஜ் கட்டப் பயன்பட்ட பழைய மாட்யூல்) இல்லை என்று அழுதால், அது 3.12-இல் நீக்கப்பட்டதன் விளைவு. பட்டியலில் அந்தப் பேக்கேஜின் வெர்ஷன் நம்பரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், புதிய வெளியீடு இருந்தால் அதை இறக்கிக்கொள்ளும்.