கோடு தடித்தால் அளவு தப்பும்: பென்சிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தச்சு வேலையில் டேப்பை இரண்டு முறை இழுத்துச் சரிபார்ப்பவர்கள்கூட, கோடு போட மட்டும் கைக்கு அகப்பட்ட பென்சிலை எடுத்துக்கொள்கிறார்கள். பொருத்து சேராவிட்டால் பழி ரம்பத்தின் மேல் விழுகிறது. கோடு 1 மி.மீ. தடித்திருந்தால், அதன் எந்த ஓரம் சரியான அளவு என்பது போட்டவருக்கே தெரியாது. அடுத்தடுத்து சேரும் நான்கு துண்டுகளில் அரை மில்லி வீதம் ஒரே பக்கமாகத் தப்பினால், கடைசியில் 2 மி.மீ. இடிக்கும்.

தவறு வாங்கும்போதே தொடங்குகிறது. தச்சு வேலை என்றாலே தட்டைப் பென்சில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது உருண்டு ஓடாது, சொரசொரப்பான மரத்திலும் உடையாது. சட்டங்களைத் தோராயமாக அறுக்க அருமையானது. காடி (துளை), கழுந்து (அதற்குள் நுழையும் முனை) குறிக்க அது ஆகாது.

பென்சிலின் மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். கிராஃபைட்டோடு களிமண் கூடக்கூட முனை கடினமாகும்; அது ‘எச்’ வரிசை. ‘பி’ வரிசை மென்மையானது, கருப்பானது. 2பி கோடு பளிச்சென்று தெரியும்தான். ஆனால் நாலு கோட்டிலேயே முனை மழுங்கிவிடும், கை பட்டால் தீற்றும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கரி மரத்தின் நரம்புக்குள் இறங்கிவிடும். அதற்காக 4எச் எடுத்துப் பைன் போன்ற மென்மரத்தில் அழுத்தினாலும் வம்புதான். கோடு அழிந்தாலும் பள்ளம் அழியாது, பாலிஷ் ஏறியதும் காட்டிக்கொடுக்கும். இழைத்த கடின மரத்துக்கு 2எச், மென்மரத்துக்கு லேசான கையோடு எச்பி. பெரும்பாலான வேலைக்கு இந்த இரண்டும் போதும்.

இனி சீவுவது. ஷார்ப்னர் தரும் கூம்பு முனை எழுதுவதற்கானது. அதை ஸ்கேலை ஒட்டி வைத்தால் கூம்பின் சரிவுதான் ஸ்கேலில் முட்டும்; நுனி சற்றுத் தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி என்பது பென்சிலைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்தது. கோட்டின் பாதியில் கை சாய்ந்தால் கோடும் வளையும். நுனி எவ்வளவு கூராக இருந்தாலும் இது தீராது. மாற்ற வேண்டியது வடிவத்தை.

உளி முனைபோல் தட்டையாகச் சீவுங்கள். முதலில் கத்தியால் மரத்தை மட்டும் நீளச் சீவி, 6 முதல் 8 மி.மீ. வரை கிராஃபைட்டை வெளியே விடுங்கள். பிறகு பலகையில் ஒட்டிய 220 அல்லது 320 எண் உப்புத்தாளில் ஒரு பக்கத்தைப் படுக்க வைத்து இழுங்கள். எதிர்ப்பக்கத்தையும் அப்படியே தேய்த்தால் இரண்டும் மெல்லிய விளிம்பில் சந்திக்கும். அந்தத் தட்டைப் பக்கத்தை மூலைமட்டத்தோடு (செங்கோணம் பார்க்கும் கருவி) ஒட்டி இழுத்தால் கோடு மட்டத்தின் காலடியிலேயே விழும். மழுங்கினால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும், கத்தி வேண்டாம். புள்ளி வைக்கவும் வளைவு வரையவும் இந்த முனை உதவாது. அதற்குக் கூம்பு முனையோடு இன்னொரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் பென்சிலைச் சீவவே தேவையில்லை, தடிமனும் மாறாது. 0.5 மி.மீ. நல்ல தேர்வு. 0.3 இழைத்த பரப்பில் மட்டும் தாங்கும். ரம்பம் பட்ட பரப்பில் பொசுக்கென்று உடையும்.

டேப்பின் பக்கத்தில் புள்ளி வைப்பதைவிட, நுனி அளவைத் தொடும்படி ‘வி’ வடிவக் குறி வைப்பது மேல். கழிவுப் பக்கத்தில் பெருக்கல் குறி போட மறக்காதீர்கள். ரம்பப் பல்லின் அகலம் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

நுண்ணிய பொருத்துகளில் பென்சிலையே நம்புவதும் தவறு. கழுந்தின் தோள்கோட்டை, அதாவது கழுந்து தொடங்கும் இடத்தின் கோட்டை, குறியிடும் கத்தியால் கீறுங்கள். கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதற்குள் பென்சிலை ஓட்டுங்கள். கருமரமானால் வெள்ளைப் பென்சில். பால்பாயின்ட் பேனா எங்கும் வேண்டாம். மை வார்னிஷில் கரைந்து பரவும்.