சூரியனுக்குப் பின்னால் ஒரு கோள் ஒளிந்திருக்க முடியுமா? மணிலா அட்டையில் வரைந்து பார்க்கும் முறை

பூமியின் பாதையிலேயே, சூரியனுக்கு நேர் மறுபுறத்தில், நம் கண்ணில் படாமல் இன்னொரு கோள் சுற்றி வருகிறது என்னும் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான பிலோலாஸ் ‘எதிர்ப்பூமி’ ஒன்றைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் கணக்கில் நடுவில் இருந்தது சூரியன் அன்று, ஒரு நடுநெருப்பு. ஆகவே அவரைச் சாட்சிக்கு அழைப்பதில் பயனில்லை. கோலாலம்பூரில் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும் மணிலா அட்டை, கவராயம், அளவுகோல், கூர்மையான பென்சில் ஆகியவை போதும். நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம்.

படி 1: பாதையை வரைதல்

1 செ.மீ. என்பதை 1 கோடி கி.மீ. என வைத்துக்கொண்டு, 15 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். (ஏ3 தாளில் இது அடங்காது.) பூமியின் பாதை நீள்வட்டமாயிற்றே, கவராயம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். இந்த அளவில் நீள்வட்டத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 0.02 மி.மீ. மட்டுமே, பென்சில் கோட்டின் தடிமனிலேயே அது மறைந்துவிடும். நீள்வட்டத்தின் விளைவு அதன் வடிவத்தில் தெரியாது, சூரியன் நடுவில் இல்லாததில்தான் தெரியும்.

படி 2: இரண்டு குவியங்கள்

மையத்தின் வழியே கிடையாக ஒரு விட்டம் வரைந்து, மையத்திலிருந்து 2.5 மி.மீ. வலப்புறம் சூரியனைக் குறியுங்கள். சூரியனின் விட்டம் 14 இலட்சம் கி.மீ. என்பதால், புள்ளி 1.4 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். இடப்புறம் 2.5 மி.மீ. தொலைவில் இன்னொரு புள்ளி. நீள்வட்டத்துக்குள் இருக்கும் இவ்விரு சிறப்புப் புள்ளிகளே குவியங்கள்; இரண்டாவதில் எதுவும் இல்லாததால் அது வெற்றுக் குவியம். விட்டத்தின் வலமுனை, பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் ஜனவரித் தொடக்கம். இடமுனை, மிகத் தொலைவில் இருக்கும் ஜூலைத் தொடக்கம்.

படி 3: கோளை ஒளித்து வைத்தல்

கெப்ளரின் விதிப்படி பூமி ஜனவரியில் விரைவாகவும் ஜூலையில் மெதுவாகவும் செல்கிறது. ஆனால் வெற்றுக் குவியத்திலிருந்து பார்த்தால், அது ஏறத்தாழ ஒரே சீராக, மாதத்துக்கு 30 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றும். ஆகவே அதே பாதையில் அரையாண்டு பின்தங்கி வரும் கோள், எந்நாளும் வெற்றுக் குவியத்துக்குத்தான் நேர் எதிரே நிற்கும், சூரியனுக்கு அன்று. வெற்றுக் குவியத்தின் வழியே செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள்: மேல்முனையில் ஏப்ரல் தொடக்கத்துப் பூமி, கீழ்முனையில் அந்தக் கோள். கோடு சூரியனிடமிருந்து 5 மி.மீ. விலகிச் செல்வதைப் பாருங்கள். வானத்தில் இது ஏறத்தாழ 1.9 பாகை, அதாவது சூரிய வட்டைப் போல் மூன்றரை மடங்கு விலகல். ஜனவரியிலும் ஜூலையிலும் மட்டுமே கோள் ஒழுங்காக ஒளிந்திருக்கும்.

படி 4: அந்த 5 மி.மீ. மெய்தானா?

வீட்டு நாட்காட்டியே சொல்லும். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் சம இரவு நாள்களில் பூமி சூரியனுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். மலேசிய நேரப்படி அந்நாள்கள் 20 மார்ச் 2025, 23 செப்டம்பர் 2025, 20 மார்ச் 2026. எண்ணிப் பாருங்கள்: முதற்பாதி 187 நாள், மறுபாதி 178 நாள், மணிக்கணக்கையும் சேர்த்தால் 186.4, 178.9. சூரியன் நட்டநடுவில் இருந்து, பூமியும் சீரான வேகத்தில் சென்றிருந்தால் இரண்டும் சமமாக இருந்திருக்கும்.

படி 5: வானத்தில் தேடுதல்

இதற்காகச் சூரியன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது; கண் போய்விடும். தேடல் ஏற்கெனவே நடந்துவிட்டது. 8 ஏப்ரல் 2024 அன்று, விலகல் உச்சத்தில் இருக்க வேண்டிய வேளையில், வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் வெள்ளி பளிச்செனத் தெரிந்தது. வேறு புதிய கோள் எதுவும் தென்படவில்லை.

கெட்டிக்காரர் ஒருவர், கோளின் நீள்வட்டத்தை எதிர்த்திசையில் திருப்பி வைத்தால் சரியாகிவிடுமே என்பார். அட்டையில் சரியாகத்தான் வரும். ஆனால் 584 நாளுக்கு ஒரு முறை வெள்ளி அந்தக் கோளுக்கு நான்கு கோடி கி.மீ. அருகில் வந்து அதை இழுக்கும். அவ்விடமோ நிலையற்ற சமநிலைப் புள்ளி, சற்று விலகியது மேலும் விலகுமே தவிர, திரும்பி வராது. போதாக்குறைக்கு, நாசாவின் இரட்டை ஸ்டீரியோ விண்கலங்கள் பிப்ரவரி 2011-இல் சூரியனின் இரு பக்கங்களிலும் நின்று அதன் மறுபுறத்தையும் படமெடுத்தன. அவற்றின் பார்வையிலும் அப்படியொரு கோள் சிக்கவில்லை.